தைத்த தோளும் தூக்குக்கட்டும்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து அம்பூரி முதலிய ஊர்களில் ரப்பர் பால்வெட்டும் தொழிலாளருக்குக் கைகளே பிழைப்பாகும். தோளின் தசைநாண் அறுந்து, அதனை எலும்புடன் சேர்த்துத் தைக்க நேரிடின், மருத்துவர் ஸ்லிங் எனப்படும் தூக்குக்கட்டை அணிவிப்பர். அது எதற்கு?

தையல் தசைநாணை எலும்பின்மீது பிடித்து நிறுத்துமேயன்றி ஒட்டவைப்பதில்லை. உடலே புதிய இழைகளைத் தோற்றுவித்து, அவ்வொட்டுதலை மெல்ல மெல்ல நிறைவேற்றுகின்றது. அதற்குமுன் கையைத் தானே உயர்த்தினால், தசை சுருங்கித் தையலை இழுக்கும். தசைநாண் மீண்டும் அறுபடலாம். ஆகவே பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் வரை, உறங்கும்போதும், கட்டை அணிந்திருக்குமாறு கூறுவர்.

நோயாளர் பலர் தவறுவது ஓரிடத்திலேதான். வலி முதலில் தணியும். ஒட்டுதல் பின்னரே முற்றும். வலியின்மை குணமானதற்குச் சான்றன்று. வலிமை முற்றும் திரும்பப் பல மாதங்கள் செல்லும்.

முழங்கை கட்டினுள் நன்கு படிந்திருத்தல் வேண்டும், மணிக்கட்டு தொங்கலாகாது. விரல்களை அன்றாடம் மடக்கி நீட்டாவிடின் அவை விறைத்துப்போகும். தோளுக்குரிய பயிற்சியை மருத்துவர் குறித்த நாளிலேயே தொடங்குக. விரல் மரத்தல், நீலம் பாரித்தல், காய்ச்சல், காயத்தில் சீழ் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே மருத்துவரிடம் செல்க.

பால்வெட்டுக் கத்தியை மீண்டும் எடுக்கும் நாளை மருத்துவரே குறித்தல் வேண்டும். களப்பணியாளரும் ஆசிரியரும் இதனை வீட்டாருக்கு எடுத்துரைப்பாராக.