படி ஒன்றுதான், ரத்தக்குழாய் வேறு

சித்தூர் பஸ்ஸில் வந்து இறங்கி, திருப்பதி மலையடிவாரமான அலிபிரியில் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டுத் திருமலைக்கு ஏற ஆரம்பிக்கிறோம். மொத்தம் 3,550 படிகள். வழியிலுள்ள காலிகோபுரம் வருவதற்குள் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்கிறது. அங்கே நின்றால் காற்று வியர்வையைச் சில்லிட வைக்கிறது. ஏற்றம், புழுக்கம், குளிர் என்று மாறி மாறி வருவதற்கெல்லாம் இதயம் ஈடுகொடுத்தாக வேண்டும். பி.பி. போன்ற நாள்பட்ட நோயுள்ள, 60 வயது தாண்டியவர்கள் நடந்து ஏற வேண்டாம் என்று தேவஸ்தானம் 2024-ல் சொன்னது சும்மா இல்லை.

பி.பி. உள்ள உடம்பு ஏன் இப்படி ஈடுகொடுக்கத் திணறுகிறது என்று நமக்குப் பாடம் எடுத்தவை எலிகள். கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஒகாமோட்டோவும் ஆவோகியும் பி.பி. கூடிய எலிகளையே தேடிப் பிடித்து இணைசேர்த்து, 1963-ல் ஒரு தனி வம்சத்தையே அறிவித்தார்கள். உப்பைக் கூட்ட வேண்டாம், ஊசி போட வேண்டாம். சில வாரக் குட்டியிலேயே அழுத்தம் தானாக ஏறும். மேலே காற்றைப் பீய்ச்சினால் எந்த எலியும் மிரளும். இந்த எலிக்கோ அழுத்தம் எகிறிவிடும். வெயிலும் ஆகாது, சூடான அறையில் மற்ற எலிகளுக்கு முன்பே துவண்டுவிடும்.

அழுத்தம் இப்படி எகிறுவதன் காரணத்தை ஸ்வீடனின் உடலியல் ஆய்வாளர் ஃபோல்கோவ் விளக்கினார். நாள்பட்ட அழுத்தத்தைத் தாங்கித் தாங்கி, சிறு தமனிகளின் சுவர் தடித்து உள்வழி குறுகிவிடுகிறது. அகலமான குழாய் கொஞ்சம் சுருங்கினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஏற்கெனவே குறுகியது அதே அளவு சுருங்கினால் ரத்தம் போக வழியேது? போதாக்குறைக்கு, கழுத்துத் தமனியில் அழுத்தத்தைக் கவனித்து மூளைக்குச் சேதி சொல்லும் நரம்புகள், கூடுதல் அழுத்தத்தையே இயல்பென்று எடுத்துக்கொள்கின்றன. காவல்காரனே கண்ணயர்ந்த கதை.

அழுத்தத்தை அளப்பதில் பாடம் எடுப்பது பூனை. அதற்கும் பி.பி. உண்டு. சிறுநீரகம் கெட்ட கிழட்டுப் பூனைக்கு அது ஏறி, ஒரே நாளில் பார்வை போய்விடுவதுண்டு. கூடையிலிருந்து எடுத்த உடனே அளந்தால் பயத்திலேயே எண் கூடிவிடும் என்று, அறை பழகும்வரை ஐந்து பத்து நிமிடம் விட்டுவைக்கிறார்கள் கால்நடை மருத்துவர்கள். நம்மில் எத்தனை பேருக்கு ஆஸ்பத்திரியில் அந்தச் சலுகை கிடைக்கிறது?

விரதம் என்று காலை பி.பி. மாத்திரையை விட்டுவிட்டு மலை ஏறாதீர்கள். நடக்கலாமா என்று முதலில் டாக்டரிடம் கேளுங்கள். வழியில் தலை சுற்றினால் வீம்பு வேண்டாம்: 1,500-வது படியிலும் காலிகோபுரத்திலும் மருத்துவ உதவி உண்டு.