சொந்தக் காரும் வாடகைப் பயணமும்

கடலூரில் உறவினர் இல்லத் திருமணம். தவளக்குப்பத்திலிருந்து குடும்பத்தோடு புறப்பட வேண்டும். வாடகைக் காருக்குத் தொகை மிகுதியாகக் கேட்கிறார்கள். “நம் தெருத் தம்பியின் கார் சும்மாதானே நிற்கிறது! டீசல் போட்டு, மேலே ஏதேனும் கொடுத்தால் போதுமே” என்கிறார் ஒருவர். கொடுப்பவருக்கும் மிச்சம், வாங்குபவருக்கும் வருவாய். இதில் சட்டத்திற்கு என்ன வேலை என்று வாசகர்கள் வினவலாம்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இங்கேதான் ஒரு கோடு கிழிக்கிறது. கூலிக்கோ வெகுமதிக்கோ ஆளேற்றும் வண்டி எதுவாயினும் அது பொதுச் சேவை வாகனம். அதற்கு மஞ்சள் நிற எண் பலகை, அனுமதிச் சீட்டு, தகுதிச் சான்று, வாடகை வண்டிக்குரிய வரி யாவும் தேவை. வெள்ளைப் பலகைக் கார் சொந்தப் பயன்பாட்டிற்கு மட்டுமே. அனுமதியின்றி ஆளேற்றினால் முதல் குற்றத்திற்கே பத்தாயிரம் ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் என 2019ஆம் ஆண்டுத் திருத்தம் வகுத்தது.

தவளக்குப்பத்தைச் சுற்றிப் புதுச்சேரியும் தமிழகமும் பின்னிக் கிடக்கின்றன. எனவே முறையாக அனுமதி பெற்ற வாடகைக் காரும் எல்லை கடக்க மேலொப்பமோ, அகில இந்தியச் சுற்றுலா அனுமதியோ பெற்றிருக்க வேண்டும். இத்தனை செலவையும் சுமக்கும் ஓட்டுநர், எதையும் சுமக்காத சொந்தக் காரைக் கண்டு மனம் நோவதில் நியாயம் உண்டு.

ஆயினும் அபராதத்தைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று. சொந்தக் காருக்கான காப்பீட்டுப் பத்திரத்தில், வாடகைக்கு விட்டால் பொறுப்பில்லை என்ற நிபந்தனை இருக்கும். விபத்து நேர்ந்தால் நிறுவனம் இதைக் காட்டி விலகிக்கொள்ள முயலும். முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டுப் பின்னர் உரிமையாளரிடம் வசூலிக்குமாறு நீதிமன்றங்கள் ஆணையிட்ட வழக்குகள் பல. சில நூறு ரூபாய்க்கு உதவிய தம்பி, வீட்டையும் நிலத்தையும் இழக்கும் நிலை வரலாம். காயமுற்ற குடும்பமோ தீர்ப்பாயத்தின் படிகளில் காத்திருக்க நேரும்.

சட்டத்தில் இரக்கமும் உண்டு. நோயாளியையோ காயமுற்றவரையோ அவசரமாக ஏற்றிச் சென்றால் இத்தண்டனை இல்லை. ஏழு நாட்களுக்குள் போக்குவரத்து அதிகாரிக்குத் தெரிவித்துவிட வேண்டும்.

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் ஆமிஷ் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர் தம் சமய ஒழுங்கின்படி கார் வைத்துக்கொள்வதில்லை. குதிரை வண்டியே அவர்கள் வாகனம். தொலைதூரம் செல்ல, அண்டை வீட்டாருக்குக் காசு கொடுத்து அவர்கள் காரில் செல்கிறார்கள். அவ்வாறு ஆளேற்றுவோரும் உரிமம் பெற வேண்டும் என்பதே பென்சில்வேனியா மாநிலத்தின் விதி.

தேவை இருக்கும் இடத்தில் தடை மட்டும் போதாது. தனியார் மோட்டார் சைக்கிள்களைச் செயலிகள் வழியே பயணத்திற்கு அனுமதிக்கலாம் என 2025ஆம் ஆண்டு மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் மாநிலங்களுக்கு இடமளித்தன. அதுபோல், பேருந்து குறைந்த சிற்றூர்களில் ஒரே கார் வைத்திருப்போருக்கு எளிய அனுமதியும் குறைந்த வரியும் வழங்கினால் அரசுக்கும் வருவாய், மக்களுக்கும் பாதுகாப்பு.

அதுவரை, கார் வைத்திருப்போர் உதவியை உதவியாகவே செய்யட்டும். அதைத் தொழிலாக்க விரும்பினால் மஞ்சள் பலகைக்கு மாறட்டும். பயணம் செய்வோரும் குழந்தைகளை ஏற்றுமுன் ஒரு கணம் எண் பலகையைப் பார்த்துக்கொள்வது நலம்.