சேற்றிலிருந்து கிடைக்கும் சிவப்பு

கோடியக்கரையிலும் பழவேற்காட்டிலும் பூநாரைகளைக் கண்டவர்கள் நம்மில் உண்டு. அதே பட்சிகள் குளிர்காலந்தோறும் கோபர்கைரனேக்கு அருகிலுள்ள தாணே கழிமுகத்திற்கும் ஆயிரக்கணக்கில் வந்து இறங்குகின்றன. அவற்றில் அநேகம் குஜராத்தின் கட்ச் பகுதியிலிருந்து வருபவை. நவம்பர் முதல் வரத் தொடங்கி, மழைக்காலத்திற்கு முன் பெரும்பாலும் திரும்பிவிடுகின்றன.

பூநாரைக் குஞ்சு சாம்பல் நிறமாகவே பிறக்கிறது. அதன் சிவப்பு முழுவதும் உண்ணும் ஆகாரத்திலிருந்தே உண்டாகிறது. நீர் வற்றிய வேளையில் அது தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்துகிறது. நாவினால் நீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளுகிறது. அலகின் ஓரத்திலுள்ள சீப்புப் போன்ற அமைப்பு இரையை மட்டும் தடுத்து நிறுத்துகிறது. சிறு பூநாரை பெரும்பாலும் நுண்பாசியை உண்ணும். பெரும் பூநாரை சிறு இறால், புழு, நத்தை முதலியவற்றை உண்ணும். பாசியிலும் அதைத் தின்னும் இறாலிலும் உள்ள நிறமியே சிறகுகளில் சேருகிறது.

ஆகையால் பாழ்நிலமாக நமக்குத் தோன்றும் அந்தச் சேறே அவற்றின் பந்தி. நகரத்துக் கழிவுநீரின் சத்தில் பாசி செழிக்கிறது. ஆனால் தொழிற்சாலை நஞ்சு கலந்தால் அதே பாசி வழியாக அது பறவையின் உடலையும் சேரும்.

மகாராஷ்டிர அரசு 2015இல் இக்கழிமுகத்தில் ஏறத்தாழ 17 சதுர கிலோமீட்டரைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. 2022இல் இது ராம்சார் ஈரநிலமாயிற்று. ஆயினும் பந்தி மாத்திரம் போதாது. ஓதம் ஏறிச் சேறு மூழ்கும்போது அவை நெருல் போன்ற இடங்களின் நீர்நிலைகளுக்குப் பறந்துபோய்த் தங்குகின்றன. அந்நிலைகளுக்குள் கடல்நீர் வரும் வழி அடைபட்டால் தங்க இடமின்றி அலைகின்றன. 2024 மே 20 இரவு காட்கோபர் அருகே விமானம் மோதி முப்பதுக்கும் மேற்பட்ட பூநாரைகள் மடிந்ததை நாம் அறிவோம்.

ஜனவரி முதல் மார்ச் வரை, ஓதம் வற்றும் வேளையை விசாரித்துப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். ஐரோலியிலிருந்து படகில் சென்றும் காணலாம். கூச்சலிடாமல், தூரத்தில் நின்று பாருங்கள். அவற்றுக்குத் தீனி எறிய வேண்டாம். அலையாத்திக் காட்டின் ஓரத்தில் குப்பையோ கட்டட இடிபாடோ கொட்டப்படுவதைக் கண்டால், குடியிருப்போர் சேர்ந்து நகராட்சிக்கும் வனத்துறைக்கும் எழுதுங்கள். சேறு காக்கப்பட்டால் சிவப்பு மறுபடியும் வரும்.