கனகராயன் ஆற்று வழியே வன்னியில் ஒரு நாள்

ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் போகும் சுற்றுலா வாகனங்கள் வன்னியில் நிற்கும் இடங்கள் பெரும்பாலும் இரண்டுதான்: கிளிநொச்சி நகரத்துப் போர் நினைவுத்தூபி, ஆனையிறவுத் தூபி. படம் எடுத்ததும் புறப்பட்டுவிடுகிறார்கள். மாரி ஓய்ந்த ஒரு நாளை வன்னிக்கென்றே ஒதுக்கி, வழியைத் தூபிகளைக் கொண்டு வகுக்காமல் தண்ணீரைக் கொண்டு வகுத்தால் இந்த மண் வேறாகத் தெரியும்.

அதற்கு வழிகாட்ட ஓர் ஆறு இருக்கிறது. வவுனியாவின் வடபகுதியில் தொடங்கும் கனகராயன் ஆறு முல்லைத்தீவு மாவட்டத்தைக் கடந்து, கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்தை நிரப்பி, மிஞ்சியதைச் சுண்டிக்குளம் நீரேரியில் சேர்க்கிறது. வயலுக்குப் பாய்வதும் பறவைக்குப் போவதும் ஒரே தண்ணீர்தான்.

விடியற்காலையை நீரேரிக்குக் கொடுங்கள். சுண்டிக்குளம் 1938இலேயே பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2015இல் தேசியப் பூங்காவானது. ஐப்பசி தொடங்கிப் பெய்யும் மழையில் நீரேரி நிரம்பும்போது, மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் ஊசிவால் வாத்துகள், தட்டைவாயன்கள், உள்ளான்கள் வந்து இறங்குகின்றன. தை பிறந்து மழை விட்டதும் நீர் வற்றத் தொடங்கும், உவர்ப்பு ஏறும், சேற்றுத் திட்டுகள் வெளியே தெரியும். பறவை பார்க்க இதுவே நல்ல பருவம். நீண்ட அலகால் சேற்றைத் துழாவும் கரைப்பறவைகளுக்குக் கால் நனையும் ஆழம் போதும். பூநாரை அலகைத் தலைகீழாக நீருக்குள் இறக்கி, சல்லடைபோல நீரை வடித்துவிட்டுப் பாசியையும் சிற்றிறால்களையும் உண்ணும். சங்குவளை நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன் ஆகியவை ஆண்டு முழுவதும் இங்கே வாழ்பவை. கிட்டப் போய் அவற்றைக் கலைக்க வேண்டாம். தொலைநோக்கி இருந்தால் ஆனையிறவு வீதியோரத்தில் நின்றே நிறையப் பார்க்கலாம். முகமாலை, ஆனையிறவுப் பக்கங்களில் கண்ணிவெடி அகற்றும் பணி போர் முடிந்த பின்னும் பல ஆண்டுகள் நீடித்தது; எச்சரிக்கைப் பலகை கண்ட இடத்தில் பாதையை விட்டு இறங்கவே கூடாது.

வெயில் ஏறியதும் இரணைமடு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட இந்தக் குளந்தான் கிளிநொச்சியை நெல் விளையும் ஊராக்கியது. குளக்கட்டில் நின்றால் ஒரு பக்கம் நீர்ப்பரப்பு, மறுபக்கம் வாய்க்கால் போகும் வயல்வெளி. அருகே கனகாம்பிகை அம்மன் கோவில். சிவாலயம் பார்க்க விரும்புபவர்கள் உருத்திரபுரத்துக்கும் போய்வரலாம். நகரத்தில் சாப்பிட்டுவிட்டுப் பரந்தன் சந்தியில் கிழக்கே திரும்பினால் முல்லைத்தீவு ஏறத்தாழ 50 கிலோமீற்றர்.

அந்த வீதியை வெறும் பாதையாக நினைத்துக் கடக்க முடியாது. 2009 மே மாதத்தில் போர் முடிந்த முள்ளிவாய்க்கால் அதன் ஓரத்தில் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் மே 18இல் உறவுகள் அங்கே கூடி விளக்கேற்றி அழுகிறார்கள். அடுத்து வரும் வட்டுவாகல் பாலத்தின் கீழ் நந்திக்கடல் விரிகிறது. இன்று அங்கே வலை வீசுகிறார்கள், கொக்குகள் நிற்கின்றன. ஆனாலும் இந்த இடத்தில் காட்சி தேடுவதைவிட அமைதியாக நின்றுவிட்டு வருவதே முறை என்பேன்.

நந்திக்கடலின் மேற்குக் கரையில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவில். வைகாசிப் பொங்கலுக்கு முன் கடலிலிருந்து தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டுவிநாயகர் கோவிலில் அந்த உப்புநீரில் விளக்கெரிப்பது இங்கத்தைய மரபு. அது அம்மன் அருள் என்பது பக்தர்களின் நம்பிக்கை. பொங்கலன்று பல மாவட்டங்களிலிருந்தும் சனம் திரளும். ஆனால் அந்த வேளையில் வலசைப் பறவைகளில் பெரும்பாலானவை திரும்பிவிட்டிருக்கும். இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு தடவை வரத்தான் வேண்டும்.

நந்திக்கடல் 2017இல் இயற்கை ஒதுக்கிடமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபோது, தங்கள் காணிகளும் எல்லைக்குள் அடங்கிவிட்டதாக ஊர்மக்கள் முறையிட்டார்கள். பறவைகளைக் காக்கும் எல்லை தம் பிழைப்பை மறிக்கும் வேலியாகத் தெரிந்தால் அந்த மக்கள் அதை எப்படி விரும்புவார்கள்? ஆகவே வெளியூர் நிறுவனத்தின் வழிகாட்டியோடு வந்து போவதைவிட, எந்தத் திட்டில் எந்த மாதம் எந்தப் பறவை இறங்கும் என்று அறிந்த கரையோரத்து மீனவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த நாளின் கூலியையும் குறைக்காமல் கொடுங்கள்.