மன்றத்து வாக்கும் மக்கள் தீர்ப்பும்

சோழப் பேரரசன் முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில், உத்திரமேரூரில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குகின்றன. வாரியத்தில் பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாது விட்டவர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர் என்பது அவற்றிற் காணப்பெறும் விதிகளுள் ஒன்று. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் அத்தடை உண்டு. மீண்டும் பதவியை நாடுவோர் முன்பு செய்ததற்குக் கணக்குக் காட்டல் வேண்டும் என்னும் எண்ணம், ஆதலின், தமிழர்க்குப் புதியதன்று.

இக்காலத்து மன்ற உறுப்பினர் காட்டவேண்டிய கணக்கு யாது? தொகுதியில் அவர் செய்த உதவிகள் கண்ணுக்குத் தெரிவன. சட்டங்கள் உருவானபொழுது அவர் எப்பக்கம் நின்றார் என்பது அவ்வளவு எளிதில் தெரிவதில்லை. அதனைக் காட்டுவது அவர் அளித்த வாக்கே. ஆனால், எந்தச் சூழ்நிலையில் அளிக்கப்பட்டது என்பதை அறியாது வாக்கை மட்டும் எண்ணிப் பார்ப்பவர் பிழைபடத் தீர்ப்பளிக்கவும் கூடும். சிங்கப்பூரின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1961 ஜூலை 20 ஆம் நாள் அரசாங்கத்தின்மீது நம்பிக்கை கோரும் தீர்மானம் அன்றைய சட்டமன்றத்தின் முன் வந்தது. விவாதம் இரவெல்லாம் நீண்டு மறுநாள் வாக்கெடுப்பில் முடிந்தது. ஆதரவாக 27 பேரும் எதிராக 8 பேரும் வாக்களித்தனர். 16 பேர் வாக்களியாது விலகி நின்றனர். நோயுற்று மருத்துவமனையிலிருந்த சிக்லாப் உறுப்பினர் ஹாஜா சஹோரா பிந்தி அஹ்மாட் நோயாளர் வண்டியில் அழைத்து வரப்பெற்று அரசாங்கத்தை ஆதரித்து வாக்களித்தார். விலகி நின்றவர்களுள் 13 பேர் ஆளும் மக்கள் செயல் கட்சியைச் சேர்ந்தவர்கள். அவர்கள் கட்சியினின்று நீக்கப்பட்டனர். பாரிசான் சோசியலிஸ் கட்சி பிறந்தது. வாக்களியாமையும் ஒரு வாக்கே என்பதை அந்நாள் மெய்ப்பித்தது.

1963 செப்டம்பர் 21 ஆம் நாள் நடந்த பொதுத்தேர்தலில் அப்பிளவு மக்கள் தீர்ப்புக்கு வந்தது. மக்கள் செயல் கட்சி 37 இடங்களையும் பாரிசான் 13 இடங்களையும் பெற்றன. சிராங்கூன் சாலைப் பகுதியை அடுத்துள்ள ரோச்சோரில் பாரிசான் தலைவர் டாக்டர் லீ சியூ சோ வெறும் 89 வாக்குகளில் தோல்வியுற்றார். எனினும், அத்தேர்தலை 1961 ஆம் ஆண்டு வாக்கின்மீது மட்டும் மக்கள் அளித்த தீர்ப்பு என்று கொள்ளுதல் பொருந்தாது. மலேசிய இணைப்பு அதற்குச் சில நாட்களுக்கு முன்னரே நிறைவேறியிருந்தது. எதிர்த்தரப்பினர் பலர் அவ்வாண்டு பிப்ரவரியிலேயே காவலில் வைக்கப்பட்டிருந்தனர்.

இனி, வாக்கு எவ்வாறு பதிவாகிறது என்பதைக் காணல் வேண்டும். பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறுகின்றன. ஆதரிப்போரும் எதிர்ப்போரும் குரல் கொடுக்க, நாடாளுமன்ற நாயகர் முடிவை அறிவிக்கிறார். தனித்தனியே பெயர் பதியும் வாக்கெடுப்பு வேண்டுமாயின், குறைந்தது ஐந்து உறுப்பினர்கள் எழுந்து நிற்றல் வேண்டும். ஆகவே, ஒருவர் பெயர் பட்டியலில் இல்லாமையால் அவருக்குக் கருத்தே இல்லை என்று முடிவு செய்தல் ஆகாது.

இரண்டாவது, கட்சிக் கொறடாவின் கட்டளை. அக்கட்டளை உள்ள இடத்தில் உறுப்பினரின் வாக்கு கட்சியின் வாக்கேயாகும். அதற்குரிய புகழும் பழியும் பெரிதும் கட்சியையே சாரும். 2013 டிசம்பர் 8 ஆம் நாள் லிட்டில் இந்தியாவில் கலவரம் நிகழ்ந்தபின், அவ்வட்டாரத்தில் அதிகாரிகளுக்குத் தனி அதிகாரங்கள் வழங்கும் தற்காலிகச் சட்டம் 2014 பிப்ரவரியில் நிறைவேறியது. மக்கள் செயல் கட்சி அதனை ஆதரித்தது. பாட்டாளிக் கட்சி எதிர்த்தது. தேக்காவில் கடை நடத்துவோரும் ஞாயிறுதோறும் அங்குக் கூடுவோரும் அவ்வாக்கை எடைபோட விரும்பினால், தனி உறுப்பினரை விடக் கட்சிகளின் நிலையையே முதலில் நோக்குதல் தகும்.

கொறடாக் கட்டளை தளர்த்தப்படும்பொழுதுதான் தனிமனிதர் வெளிப்படுகிறார். நியமன உறுப்பினர் திட்டம் 1990 இல் சட்டமானபொழுது, டாக்டர் டான் செங் போக் தம் கட்சி அரசாங்கம் கொண்டுவந்த மசோதாவை எதிர்த்து வாக்களித்தார். அதன் பின்னரும் 2006 வரை ஆயர் ராஜா உறுப்பினராக விளங்கினார்.

மூன்றாவது, பேச்சும் வாக்கும் ஒருங்கே நோக்கப்படல் வேண்டும். 2013 பிப்ரவரி 8 ஆம் நாள் மக்கள்தொகை வெள்ளை அறிக்கை மீதான தீர்மானம், திருத்தம் பெற்று, 77 க்கு 13 என்ற கணக்கில் நிறைவேறியது. ஒருவர் வாக்களியாது விலகினார். அறிக்கையைக் குறைகூறிப் பேசிய ஆளுங்கட்சி உறுப்பினர் இந்தர்ஜித் சிங் வாக்கெடுப்பின்போது அவையில் இல்லை. பட்டியலை மட்டும் காண்பவருக்கு அவர் வராதவர். உரையையும் படிப்பவருக்கு அவர் ஒரு கருத்தை எடுத்துரைத்தவர். அவ்விரண்டையும் சேர்த்தே எடைபோடுதல் முறை.

1988 முதல் நடைமுறையில் உள்ள குழுத்தொகுதி முறையில் வாக்காளர் ஒருவரையன்றி ஓர் அணியையே தேர்ந்தெடுக்கிறார். சிறுபான்மையினர்க்கு மன்றத்தில் இடம் உறுதியாதல் அதன் பயன்; ஒருவரைத் தனியே பாராட்டவோ விலக்கவோ இயலாமை அதன் விலை. இதனாலேயே உறுப்பினர் ஒவ்வொருவரின் பதிவையும் படித்தல் இன்னும் தேவையாகிறது.

மன்ற உரைகளின் அதிகாரபூர்வப் பதிவேடு இன்று எவரும் படிக்கத்தக்கதாய் இருக்கிறது. மன்றத்திற் பேசுதற்குரிய நான்கு மொழிகளுள் தமிழும் ஒன்று. உயர்வகுப்பு மாணவர்க்கு அப்பதிவேட்டின் ஒரு விவாதத்தைப் படிப்பித்து, யார், எதற்கு, எந்நிலையில் வாக்களித்தார் என்று வினவும் ஆசிரியர், வருங்கால வாக்காளரை ஆயத்தம் செய்தவராவார். கணக்குக் காட்டுவது உறுப்பினர் கடமையாயின், அக்கணக்கைப் பிழையறப் படிப்பது குடிமக்களின் கடமையாகும்.