வீட்டு லினக்ஸ் கணினிக்கு டேப் பேக்கப்

2011 பிப்ரவரிக் கடைசியில் ஜிமெயில் பயனாளர்களில் 0.02 சதவீதம் பேர் காலையில் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. கூகுள் ஒவ்வொரு அஞ்சலையும் பல தரவு மையங்களில் பிரதியெடுத்துத்தான் வைத்திருந்தது. ஆனால் மென்பொருளில் புகுந்த பிழை பல பிரதிகளையும் சேர்த்தே அழித்தது. அஞ்சல்களை மீட்டுக் கொடுத்தது காந்த நாடா. கணினியோடு தொடர்பில்லாமல் தனியே கிடந்ததால் பிழை அதைத் தொடவில்லை.

வீட்டிலும் இதே கதைதான். கணினியில் எந்நேரமும் செருகியே இருக்கும் யூஎஸ்பி டிஸ்க், கணினிக்கு வரும் எல்லாக் கேட்டையும் தானும் வாங்கிக்கொள்ளும். பணம் கேட்டு மிரட்டும் ரேன்சம்வேர் வந்தால் அதையும் சேர்த்தே பூட்டிவிடும். தவறாக அடித்த ஒரு அழிப்புக் கட்டளைக்கும் அது தப்பாது.

அதற்காக எல்லோரும் டேப் வாங்க வேண்டியதில்லை. மொத்தமே இரண்டு மூன்று டெராபைட் என்றால் இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி, ஒன்றை மாற்றி ஒன்றைச் செருகினால் போதும். கல்யாண வீடியோ எடுப்பவர், படங்களை மூல வடிவில் சேர்ப்பவர், பத்து டெராபைட்டைத் தாண்டி ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போகிறவர், இவர்களுக்குத்தான் டேப் கட்டுப்படியாகும். ஏனென்றால் இதில் கார்ட்ரிட்ஜ் மலிவு, ட்ரைவ் விலை அதிகம். புது ட்ரைவ் லட்சங்களில் போகும். வீட்டுக்காரர் வாங்குவது பெரும்பாலும் நிறுவனங்கள் கழித்துப் போட்ட பழைய எல்டிஓ-5 அல்லது எல்டிஓ-6 ட்ரைவைத்தான்.

எல்டிஓ என்பது ஐபிஎம், எச்பி, சீகேட் மூன்றும் சேர்ந்து உருவாக்கி 2000-இல் சந்தைக்கு வந்த பொதுத் தரம். முதல் தலைமுறை 100 ஜிபி கொண்டது. 2010-இல் வந்த எல்டிஓ-5 1.5 டெராபைட், 2012-இல் வந்த எல்டிஓ-6 2.5 டெராபைட். அட்டையில் இதைவிடப் பெரிய எழுத்தில் 3 என்றும் 6.25 என்றும் போட்டிருப்பார்கள். அது ட்ரைவ் தகவலைச் சுருக்கி எழுதினால் கிடைக்கலாம் என்ற கணக்கு. ஜேபெக் படமும் வீடியோவும் ஏற்கெனவே சுருங்கியவை, மேலும் சுருங்காது. எனவே சின்ன எண்ணையே நம்புங்கள். எல்டிஓ-7 வரை ஒரு ட்ரைவ் தனக்கு இரண்டு தலைமுறை முந்தைய நாடா வரை படிக்கும். ஒரு தலைமுறை முந்தையதில் எழுதவும் செய்யும். எல்டிஓ-8-இல் அந்தச் சலுகை குறைந்துவிட்டது. எல்டிஓ-6 நாடாவை அதில் போட்டால் படிக்காது.

இந்த ட்ரைவ்கள் பெரும்பாலும் எஸ்ஏஎஸ் இணைப்பில் வருகின்றன. சாதாரண மதர்போர்டில் அந்த இணைப்பு இருக்காது, பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் செருகும் எஸ்ஏஎஸ் கார்டு ஒன்று தனியே வேண்டும். ரெய்டு கார்டு வேண்டாம். சாதனத்தை அப்படியே கணினிக்குக் காட்டும் எளிய கார்டுதான் சரி. ட்ரைவைப் பெட்டிக்குள் பொருத்துவதானால் அதன் மேல் காற்று ஓடும்படி ஒரு விசிறியும் தேவை. சர்வர் பெட்டியின் பலத்த காற்றோட்டத்துக்காகச் செய்யப்பட்ட பொருள் இது; மூடிய கேபினட்டில் சீக்கிரம் சூடேறும்.

லினக்ஸ் பக்கம் வேலை குறைவு. டேப்புக்கான 'எஸ்டி' ட்ரைவர் கெர்னலிலேயே இருக்கிறது. 'எம்டி-எஸ்டி' தொகுப்பை நிறுவி, டெபியன் வகையென்றால் உங்கள் பெயரை 'டேப்' குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். நாடாவை முன்னும் பின்னும் ஓட்டுவது எம்டி கட்டளை, எழுதுவதும் படிப்பதும் டார். டேப் ஆர்க்கைவ் என்பதன் சுருக்கமே டார். இன்று இணையத்தில் இறக்கும் சுருக்கக் கோப்புகளில் பல அதன் பெயரைச் சுமந்தாலும், 1979-இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு அது வந்தது டேப்புக்காகத்தான்.

இனி வருவதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். டேப்பில் தகவலைத் தொலைப்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொலைக்கிறார்கள். ஒரே ட்ரைவுக்கு லினக்ஸ் இரண்டு வகைப் பெயர் கொடுக்கிறது. 'எஸ்டி0' என்ற பெயரில் எழுதினால், வேலை முடிந்த கையோடு நாடா தானாகத் தொடக்கத்துக்குச் சுற்றிக்கொள்ளும். முன்னால் 'என்' சேர்ந்த 'என்எஸ்டி0' என்ற பெயரில் எழுதினால், விட்ட இடத்திலேயே நிற்கும். திங்கட்கிழமை படங்களை எஸ்டி0-வில் எழுதிவிட்டு, செவ்வாய்க்கிழமை கணக்குக் கோப்புகளையும் அதிலேயே எழுதினீர்கள் என்றால் படங்கள் போயின. பாட்டுக் கேசட்டில் மேலேயே பதிந்தால் பழைய பாட்டின் மிச்சமாவது வால் பகுதியில் கேட்கும். இங்கே அதுவும் கிடையாது. எந்த இடத்தில் எழுதி முடித்தாலும் அங்கே 'தகவல் முடிந்தது' என்று ட்ரைவ் குறி வைத்துவிடும். அதற்கு அப்பால் இருப்பதைப் படிக்க விடாது.

ஆகவே எப்போதும் என்எஸ்டி0. எழுதும் முன் 'எம்டி ஸ்டேட்டஸ்' கொடுத்துப் பாருங்கள். 'ஃபைல் நம்பர்' 0, 'பிளாக் நம்பர்' 0, கடைசி வரியில் 'பிஓடி' என்று வந்தால் தொடக்கத்தில் நிற்கிறது. 'டிஆர் ஓப்பன்' என்றால் உள்ளே கார்ட்ரிட்ஜே இல்லை. பழையதோடு புதிதைச் சேர்க்க 'ஈஓடி' கொடுத்து, கடைசித் தகவலின் முடிவுக்குப் போய்விட்டு எழுதுங்கள். நாடாவில் மூன்றாவதாக எழுதிய தொகுப்பை மட்டும் படிக்க 'ஏஎஸ்எஃப் 2' கொடுங்கள். எண்ணிக்கை 0-இல் தொடங்குகிறது.

டார் தன் போக்கில் 10,240 பைட் துண்டுகளாக எழுதும். டேப் ட்ரைவின் வேகத்துக்கு அது மிகச் சிறிது. 'பி 512' என்று கொடுத்தால் துண்டு 256 கிலோபைட் ஆகும். படிக்கும்போதும் அதே எண்ணைக் கொடுங்கள், மறந்தால் 'நினைவகம் ஒதுக்க முடியவில்லை' என்று பிழை வரும். அதைப் பார்த்து ராம் வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள். நாடாவில் உள்ள துண்டு டார் எதிர்பார்த்ததைவிடப் பெரிது என்று மட்டுமே அதற்கு அர்த்தம்.

அடுத்தது வேகம். எல்டிஓ-5 நொடிக்கு 140 மெகாபைட் எழுதும். அந்தக் கணக்கில் ஒரு கார்ட்ரிட்ஜ் நிரம்ப சுமார் மூன்று மணி நேரம். ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைப் பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எடுக்கும்போது இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. ட்ரைவ் ஓரளவுக்குத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் கீழே போனால் நாடாவை நிறுத்தி, பின்னுக்கு இழுத்து, மறுபடி ஓட்டத் தொடங்கும். ரீல் முன்னும் பின்னும் போகிற சத்தம் அறைக்கு வெளியே கேட்கும். நாடாவும் ட்ரைவின் படிக்கும் தலையும் தேய்வது இப்படித்தான். இதற்கு மருந்து 'எம்பஃபர்' என்ற சின்ன நிரல். டாருக்கும் ட்ரைவுக்கும் நடுவில் அதை வைத்து, 4 ஜிபி ராம் ஒதுக்கி, அது 90 சதவீதம் நிரம்பிய பிறகே எழுதத் தொடங்கு என்று சொல்லிவிட்டால், ட்ரைவ் நீண்ட நேரம் நிற்காமல் ஓடும்.

எல்டிஓ-5 முதல் எல்டிஎஃப்எஸ் என்ற வழியும் உண்டு. நாடாவைப் பென் டிரைவ் போலத் திறந்து கோப்புகளை இழுத்துப் போடலாம். பார்க்க அழகு. ஆனால் அதில் கோப்பை அழித்தாலும் இடம் திரும்பக் கிடைக்காது, அங்குமிங்கும் திறந்தால் நாடா ஓடி ஓடித் தேயும். என் ஓட்டு டாருக்கே. எல்டிஓ-4 முதல் ட்ரைவே தகவலை மறையாக்கமும் செய்யும், லினக்ஸில் 'ஸ்டெங்க்' நிரலால் சாவி கொடுக்கலாம். அந்தச் சாவி பேக்கப் எடுக்கும் கணினியில் மட்டும் இருந்தால், டிஸ்க் போகும் நாளில் டேப்பும் சேர்ந்து போனதுதான்.

துப்புரவு கார்ட்ரிட்ஜை மாதாமாதம் போட வேண்டாம். ட்ரைவ் கேட்கும்போது மட்டும் போடுங்கள், அதுவும் தலையைத் தேய்க்கும். நீண்ட நாள் வைக்க ஈரப்பதம் 20 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் திறந்த அலமாரியில் இது நடக்காது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு, கார்ட்ரிட்ஜ்களை நிமிர்த்தி வையுங்கள். ஒரு பிரதியை வேறு வீட்டில் வைப்பது நல்லது.

எழுதி முடித்ததும் சரியான தொகுப்புக்குச் சுற்றி, டாரின் ஒப்பிடும் கட்டளையைக் கொடுத்தால் நாடாவில் உள்ளதையும் டிஸ்க்கில் உள்ளதையும் பைட் பைட்டாகப் பார்த்துச் சொல்லும். இன்னும் மூன்று மணி நேரம் ஆகும், ஆகட்டும். பிறகு கார்ட்ரிட்ஜின் எழுத்துத் தடுப்புத் தாழை நகர்த்திவிட்டு வெளியே எடுங்கள். ஒரு முறையாவது லைவ் யூஎஸ்பியிலிருந்து கணினியை இயக்கி, அதில் எம்டியையும் டாரையும் வைத்து ஒரு கோப்புறையை மீட்டுப் பாருங்கள். பி 512 என்ற எண், எந்தத் தொகுப்பு எத்தனையாவது, எந்தத் தேதி என்பதெல்லாம் காகிதத்தில் எழுதி டப்பாவின் மேல் ஒட்டப்பட்டிருந்தால் அந்தச் சோதனை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.