சொட்டுநீர்க் குழாயை இழுத்துக் கட்டாதீர்கள்!

கோடை நண்பகலில், வயலில் கிடக்கும் கறுப்புச் சொட்டுநீர்க் குழாயைத் தொட்டுப் பாருங்கள், கை சுடும். அதன் வெப்பம் 55 டிகிரி செல்சியஸ் வரை போகலாம். அந்த நேரத்தில் மோட்டார் போட்டால், 30 டிகிரியில் இருக்கும் கிணற்று நீர் உள்ளே பாயும். சில நிமிடங்களில் குழாய் 25 டிகிரி குளிர்ந்துவிடும், நீளமும் குறையும்.

எவ்வளவு குறையும்? பாலிஎத்திலீன் குழாய் ஒரு டிகிரி குளிர்ந்தால், மீட்டருக்குச் சுமார் 0.2 மில்லிமீட்டர் சுருங்கும். இது இரும்பைப் போல ஏறக்குறைய 15 மடங்கு. கணக்குப் போட்டால், 50 மீட்டர் பக்கக்குழாய் கால் மீட்டர் வரை சுருங்கும்.

பக்கக்குழாயின் ஒரு முனை துணைக்குழாயில் பொருத்தப்பட்டிருப்பதால், கடைசிப் பகுதிதான் அதிகம் நகரும். செடியின் தூரில் இருந்த டிரிப்பர் ஒரு சாண் தள்ளிச் சொட்டும். வேர் பரவாத இளம் நாற்று வாடும். அடைப்பு என்று நினைத்து ஆசிட் விடுவோம், பயன் இருக்காது. இரு முனைகளையும் விறைப்பாகக் கட்டியிருந்தால், இணைப்பே பிடுங்கிக்கொள்ளும். ஆய்வுத் திடலில் ஒரு ஏப்ரல் மதியம் குழாயை இழுத்துக் கட்டிவிட்டு, மறுநாள் காலை கழன்று கிடந்த இணைப்புகளைத் தேடித் தேடிச் சொருகிய அனுபவம் எனக்கும் உண்டு.

செய்ய வேண்டியவை

* குழாயைக் காலை வேளையில் விரியுங்கள். பாம்பு போல லேசான வளைவு இருக்கட்டும். 50 மீட்டருக்கு அரை மீட்டர் கூடுதலாக விடுங்கள்.

* தண்ணீரை ஓடவிட்டு, குழாய் குளிர்ந்த பிறகு டிரிப்பர் நிற்கும் இடத்தைப் பார்த்து நடவு செய்யுங்கள்.

* முளைக்குச்சி குழாயை நெரிக்கக் கூடாது; நீளவும் சுருங்கவும் இடம் வேண்டும்.

* பி.வி.சி. குழாயை இரண்டு அடி ஆழத்தில் புதையுங்கள். வெயிலில் கிடந்தால், 6 மீட்டர் குழாய் இதே வெப்ப மாற்றத்தில் 1 சென்டிமீட்டர் நீண்டு சுருங்கும். உச்சிவெயிலில் பசை போட்டு ஒட்டாதீர்கள். ஒட்டிய பின் ஒரு நாள் கழித்தே முழு அழுத்தத்தில் நீர் விடுங்கள்.

* கோடையில் அதிகாலையில் பாசனம் செய்யுங்கள். குழாய் சூடேறியிருக்காது, ஆவியாகும் நீரும் குறையும்.

உங்கள் வயலில் இந்தப் பிரச்சினை இருக்கிறதா என்று அறிய ஒரு குச்சி போதும். மதியம், கடைசி டிரிப்பருக்கு நேராக அதை ஊன்றுங்கள். மோட்டார் போட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். குச்சிக்கும் டிரிப்பருக்கும் உள்ள இடைவெளிதான், தண்ணீர் உங்கள் பயிரை விட்டு விலகும் தூரம்.